கேட்பதற்குக் கூலி

சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் விருந்தில் பந்தி முடிந்து பெரியவர்கள் சிலர் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தபோது எழுந்த பேச்சு இது. நம் உறவுக்காரப் பெண் ஒருவர் மருத்துவ உளவியல் பயின்று தேறியவர். திருச்சியில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தம் பெயரில் பலகை மாட்டி, உளச்சிகிச்சை செய்து வருகிறார். ஓர் அமர்வு 50 நிமிடம். கட்டணம் 800 ரூபாய். அந்தத் தொகை எப்படியோ சபைக்குத் தெரிந்துவிட்டது. துணிக்கடைகள் மூன்றுக்கு உடைமையாளரான பெரியவர் ஒருவர், "மருந்து கொடுக்கிறாயா, ஊசி போடுகிறாயா? ஒன்றுமில்லை. பேச்சுக்குமா காசு?" என்று கேட்டார். "பேசுவது நானில்லை மாமு, வருகிறவர்கள் பேசுகிறார்கள், நான் கேட்கிறேன்" என்றார் அப்பெண். "அது இன்னும் மோசமாயிற்றே! பேசுகிறவனே காசும் கொடுக்கிறானா?" என்றார் பெரியவர். சபை சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பிய பின்னரே அந்தச் சிரிப்பு நம்மை உறுத்தத் தொடங்கியது.

பெரியவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் வாய் திறந்து சொன்னதை நம்மில் பெரும்பாலோர் வாய் திறவாமல் எண்ணிக்கொண்டிருக்கிறோம். துன்பத்தில் இருப்பவனுக்கு ஆறுதல் சொல்வது நற்செயல். நற்செயலுக்கு விலை வைப்பது இழிவு. ஆகவே உளச்சிகிச்சையைத் தொழிலாக நடத்துவோர் நற்செயலை விற்கும் வணிகர்கள். இதுதான் அந்த எண்ணத்தின் எலும்புக்கூடு. இது கேட்பதற்கு அறவுரை போல ஒலிக்கிறது. உண்மையில் இது அறியாமை; அதனினும் மேலாக, அநீதி என்றே நாம் கருதுகிறோம்.

வழக்கறிஞர் நீதிமன்றத்தில் என்ன விற்கிறார்? பேச்சைத்தான். சோதிடர் எதை விற்கிறார், நிலத் தரகர் எதை விற்கிறார், வீடு தேடி வந்து நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் எதை விற்கிறார்? இவர்கள் எவரிடமும் "பேச்சுக்குமா காசு" என்று நாம் கேட்டதில்லை. ஏழாண்டுகள், அதாவது இளங்கலைக்கு மூன்று, முதுகலைக்கு இரண்டு, அதன் மேல் மருத்துவமனையில் நோயாளிகளுக்கிடையே இரண்டாண்டு எம்.பில். பயிற்சி எனப் படித்து வந்த ஒரு பெண்ணிடம் மட்டும் அந்தக் கேள்வி ஏன் இத்தனை எளிதாக எழுகிறது? கேட்டல் என்பது வீட்டுப் பெண்கள் அடுப்படியில் காலங்காலமாக இனாமாகச் செய்து வந்த வேலை என்பதால்தானோ என்று ஐயுறுகிறோம். இனாமாகக் கிடைத்ததற்குத் திறமை எதுவும் தேவையில்லை என்று நினைப்பது உலக வழக்கு. சோறு சமைப்பதையும் அப்படித்தான் நினைத்தோம். விருந்துச் சமையலுக்குப் பண்டாரியை அழைத்துக் கூலி பேசும்போதுதான் கைப்பக்குவத்தின் விலை தெரிகிறது.

சபையில் எவரும் கணக்குக் கேட்கவில்லை. நாம் கேட்டோம். அப்பெண் தம் கணக்கேட்டை ஒளிவின்றி எடுத்துக் காட்டினார். நாளொன்றுக்கு மூன்று அமர்வுகள், வாரத்துக்கு 18. இதற்கு மேல் எடுத்தால் ஆறாவது மனிதரின் துயரத்தை நான்காவது மனிதரின் துயரத்தோடு குழப்பிக்கொள்ள நேரும் என்கிறார். மேலும், ஒவ்வோர் அமர்வுக்குப் பின்னும் குறிப்பெழுத நேரம் வேண்டும். நோன்புக் கடைசிப் பத்து, பெருநாள்கள், எவரும் எட்டிப் பார்க்காத பள்ளித் தேர்வுக் காலம், தாமே காய்ச்சலில் விழும் நாள்கள் ஆகியவற்றைத் தள்ளினால் ஆண்டுக்கு 46 வாரங்கள் மிஞ்சுகின்றன. 18-ஐ 46-ஆல் பெருக்க 828 அமர்வுகள். 800 ரூபாய் வீதம் 6,62,400 ரூபாய். கேட்டவுடன் பெரிய தொகைதான். ஆனால் ஆறில் ஒருவர் வருவதாகச் சொல்லி வருவதில்லை. அந்த வகையில் 1,10,400 போயிற்று. அறை வாடகை மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000. மின்சாரம், தொலைபேசி, பெருக்கித் துடைக்க வரும் அம்மாளின் சம்பளம் எல்லாம் சேர்த்து 48,000. தமக்கு மூத்த ஓர் உளவியலாளரிடம் மாதம் இருமுறை சென்று, தாம் செய்வது சரியா என்று பரிசீலித்துக்கொள்கிறார், அதற்கு 36,000. எஞ்சுவது 3,24,000, மாதத்துக்கு 27,000 ரூபாய்.

இதுதான் அந்த வணிகத்தின் கொள்ளை லாபம்! துணிக்கடையில் ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ள கணக்கப்பிள்ளையின் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பைப் பெரியவரிடமே விட்டுவிடுகிறோம்.

இத்தொழிலின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும் பயன் தரும். இன்று நாம் காணும் வடிவில் உளச்சிகிச்சை பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை, தருமாஸ்பத்திரியிலும் பிறக்கவில்லை. வியன்னா நகரில் ஆராய்ச்சிக் கூடமொன்றில் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்த சிக்மண்ட் ஃபிராய்டு என்னும் இளைஞருக்கு 1882-இல் திருமணம் நிச்சயமாயிற்று. குடும்பம் நடத்தக் கையில் பணம் இல்லை. ஆராய்ச்சியில் வருவாய் இல்லை என்பதை உணர்ந்து மருத்துவத் தொழிலுக்குத் திரும்பினார். 1886 ஏப்ரல் 25, ஈஸ்டர் ஞாயிறு. ஊரெல்லாம் கடையடைத்திருந்த அந்த நாளில் அவர் தம் தனிமருத்துவ அறையைத் திறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மணம் முடித்தார். வாடகை அறை, நிச்சயமற்ற வருவாய், மணவாழ்வின் செலவு என்னும் இம்மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பேச்சுவழிச் சிகிச்சை வளர்ந்தது. சிறு தொழிலாகப் பிறந்த ஒன்றைச் சிறு தொழிலென்று பழிப்பது வேடிக்கைதான்.

அவரே 1913-இல் சிகிச்சையைத் தொடங்கும் முறை பற்றி எழுதிய கட்டுரையில் கட்டணத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். நாகரிக மனிதர்கள் பணத்தைப் பற்றிப் பேசும்போது காமத்தைப் பற்றிப் பேசுவதைப் போலவே கூச்சமும் பாசாங்கும் கொள்கிறார்கள். மருத்துவர் அந்தப் பாசாங்கில் பங்கு கொள்ளக் கூடாது. முதல் நாளே தொகையைச் சொல்லிவிட வேண்டும். பாக்கி சேரவிடாமல் குறுகிய கால இடைவெளியில் வாங்கிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு மணி நேரத்தை ஒருவருக்கென ஒதுக்கினால் அது அவருக்குக் குத்தகைக்கு விட்ட நிலம் போன்றது. வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை உண்டு என்றும் வாதிட்டார். நம் திருச்சிப் பெண் இவ்வளவு கடுமை காட்டுவதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டால் கட்டணம் இல்லை. சொல்லாமல் நின்றுவிட்டால் பாதி. அந்தப் பாதியையும் கேட்க நாவெழாமல் விட்டுவிடுகிறார் என்பது கணக்கேட்டிலிருந்து நமக்குத் தெரிந்தது. அதற்காக அவரைக் கடிந்துகொண்டோம்.

அதே கட்டுரையில் ஃபிராய்டு இன்னொன்றும் கூறுகிறார். பத்தாண்டுக் காலம் நாளுக்கு ஓரிரு மணி நேரம் இலவசமாகச் சிகிச்சை செய்து பார்த்ததாகவும், இலவசம் சிகிச்சைக்குத் துணையாகாமல் தடையாகவே நின்றதாகவும் எழுதுகிறார். இதை நாம் முழுமையாக ஏற்கவில்லை. வியன்னாவின் வசதி படைத்தோர் வீட்டு நோய்களை வைத்து எழுதியதை வாணியம்பாடியின் பீடித் தொழிலாளிக்கு அளவுகோலாக்க முடியாது. தம் குற்றமின்றி வறுமையுற்ற சிலருக்கு இலவசச் சிகிச்சையும் நன்றாகவே பயன்பட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் இலவசம் ஏன் தடையாகிறது என்பதற்கு நம் ஊர்களிலேயே காரணம் இருக்கிறது. அதை அறிய வியன்னா வரை போக வேண்டியதில்லை.

நம் ஊரில் இலவசமாகக் கேட்பவர் யார்? பெரியம்மா, பக்கத்து வீட்டு லாத்தா, மஹல்லாவின் மூத்தவர், பள்ளிவாசல் ஹஜ்ரத். இவர்களெல்லாம் நல்லவர்கள், நம் வாழ்வில் பங்குள்ளவர்கள். சிக்கல் அந்தப் பங்கிலேயே இருக்கிறது. கணவனிடம் அடி வாங்கும் பெண் தன் துயரத்தை ஒரு பெரியவரிடம் சொன்னால், மறுநாள் பஞ்சாயத்தில் நடுவராக அமரப் போகிறவரும் அவரே. சொன்ன சொல் சாட்சியாக மாறும். சில வேளை அவளுக்கு எதிராகவே மாறும். லாத்தாவிடம் சொன்னது அஸருக்குள் தெருமுனைக்குப் போய்விடும். அதுவன்றி, இலவசமாகப் பெற்றவர் நன்றிக்கடன் பட்டவராகிறார். "உங்கள் யோசனையால் எனக்குப் பயன் ஒன்றும் இல்லை" என்று அவர் எழுந்து போக முடியுமா? கூலி கொடுத்தவர் கடன்படவில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வராமலிருக்கலாம். எதிர்ப்பட்டால் முகம் கொடுக்காமல் நடந்து போகலாம். பெருநாளன்று அவர் வீட்டுக்குப் பலகாரம் அனுப்ப வேண்டிய கடப்பாடும் இல்லை. அந்த 800 ரூபாய் விலைக்கு வாங்குவது ஆறுதலை மட்டுமன்று, உறவுச் சிக்கல் ஏதுமற்ற ஒரு செவியை. நம் சமூகத்தில் கிடைப்பதற்கு மிக அரிய பொருள் அது.

சொன்னது வெளியே போகாது என்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளைக் காப்பது சிகிச்சையளிப்பவரின் கடமை என்று விதிக்கிறது. ஒருவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ தீங்கு விளைவிக்கக் கூடிய நிலை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அமானிதம் என்ற சொல்லின் கனம் அறிந்த நம்மவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்த அமானிதத்தை ஏற்பவர் பசியோடு இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

இதுவரை ஒரு பக்கத்தாரைச் சாடினோம். இனி மறுபக்கம் திரும்ப வேண்டும்; அங்கே நம் சினம் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது.

தொழில் என்றால் தொழில்தானே என்று சொல்லிக்கொண்டு கடை விரித்திருப்போரைக் கண்டிருக்கிறோம். மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், அதற்குக் கண்ணாடிச் சட்டம். பலகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருக்கும். அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கடல் கடந்த ஏதோ ஓர் ஊரின் பெயர் வரும். பத்து அமர்வுக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு இலவசம்! மனச்சோர்வு 21 நாளில் தீரும், பிள்ளை முதல் மதிப்பெண் வாங்குவான், பிரிந்த கணவன் திரும்புவான். குணமடைந்தவர்களின் படங்கள் வாசலில் தொங்கும். துணிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: துணி சாயம் போனால் வேறு துணி எடுத்துக்கொள்ளலாம்.

நாம் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறோம், பெயர்கள் வேண்டாம். கல்லூரி இளைஞன் ஒருவனுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மனநல மருத்துவரின் மாத்திரையால் ஓரளவு அடங்கியிருந்தான். இப்படியொரு கடையில் அவனைச் சேர்த்தார்கள். "மாத்திரை மூளையை மழுக்கிவிடும், நிறுத்துங்கள், ஆழ்மனத்தைச் சுத்தம் செய்துவிடுகிறேன்" என்று சொல்லப்பட்டது. நான்கு மாதம் பணம் கட்டினார்கள். ஒருநாள் இரவு அந்தப் பிள்ளை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றான். அண்டை வீட்டார் பிடித்து இறக்கினர். கடைக்காரரிடம் கேட்டபோது, பத்து அமர்வும் முடியவில்லையே என்றாராம்.

இவரைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது, அதன் பல்லைத்தான் பார்க்க வேண்டும். 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்படி மருத்துவ உளவியலாளர்கள் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். ஆயிரம் ரூபாய்! ஓர் அமர்வின் வரவைக் கொண்டே கட்டிவிட்டுக் கடையைத் திறந்து வைக்கலாம். மேலும், 'மருத்துவ உளவியலாளர்' என்று போடாமல் 'ஆலோசகர்', 'வாழ்வியல் வழிகாட்டி' என்று போட்டுக்கொண்டால் அந்தச் சட்டத்தின் கை நீளவில்லை. இக்குறையைப் போக்க 2021-இல் சார்புச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உளவியலாளர்களும் ஆலோசகர்களும் அதன் அட்டவணையில் இடம் பெற்றனர். அட்டவணையில் இடம் கிடைத்தது உண்மை. தெருவில் இறங்கிப் பலகைகளைச் சோதித்த அதிகாரி எவரையும் நம் ஊரில் நாம் இதுவரை கண்டதில்லை.

கட்டுப்பாடற்ற சிறு தொழில் மனநோயாளிகளின் மேல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை நம் தலைமுறை பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. நாடே அதிர்ந்தது; உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அன்று பலரும் தர்காவின் மேல் பழி சுமத்தினர். சிலர் நம்பிக்கையின் மேல் சுமத்தினர். அந்தக் கொட்டகை தர்காவின் பகுதியன்று. நேர்ச்சைக்கு வந்து தங்கும் குடும்பங்களை நம்பி அதைச் சுற்றி முளைத்த தனியார் விடுதிகளில் ஒன்று அது. உறவினரிடம் பணம் பெற்றுக்கொண்டு நோயாளியை வைத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்றவர் இல்லை, கணக்கு இல்லை, கேட்பார் இல்லை. அதுவும் ஒரு சிறு தொழில்தான் வாசகர்களே! மனநலத்தில் தனியார் தொழிலை ஆதரித்து எழுதும் நாம் அந்தச் சாம்பலைக் கண்டும் காணாததுபோல் தாண்டிப் போனால், நம் எழுத்துக்கு மதிப்பேது? ஆகவேதான் சொல்கிறோம்: தொழிலாக இருப்பது குற்றமன்று, எவருக்கும் பதில் சொல்லாத தொழிலாக இருப்பதே குற்றம். இலவசமாக நடந்திருந்தாலும் அந்தக் கொட்டகை எரிந்துதான் இருக்கும்.

இனி, இத்தொழில் வளர்வது எப்படி என்ற கேள்வி. இங்கேதான் மற்ற வணிகத்துக்கும் இதற்கும் வழி பிரிகிறது. துணிக்கடைக்காரர் வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வர வேண்டும் என்று விரும்புகிறார், அது நியாயமே. உளச்சிகிச்சையாளரிடம் வந்தவர் ஒருநாள் வராமல் நின்றுவிடுவதற்காகவே வருகிறார். பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசை இங்கே வஞ்சகமாகிவிடும். பதினைந்து வாரத்தில் தம் காலில் நிற்கக் கூடியவரை மூன்றாண்டு தம் நாற்காலியோடு கட்டி வைத்திருப்பவர், இரும்புச் சங்கிலியை நூற்சங்கிலியாக மாற்றிக்கொண்டவர், அவ்வளவே. இன்னின்ன சிக்கல், இத்தனை அமர்வுக்குப் பின் இருவரும் அமர்ந்து பார்ப்போம், முன்னேற்றம் இல்லையெனில் வேறொருவரிடம் அனுப்புவேன் என்று முதல் நாளே சொல்லத் தெரிந்தவரையே நாம் நம்பலாம்.

அப்படியானால் அறையை நிரப்புவது எது? பெயர்தான். நம் உறவுக்காரப் பெண் முதல் ஆறு மாதம் வாரத்துக்கு நான்கு பேரைக் கூடக் காணாமல் அமர்ந்திருந்தார். அந்நாள்களில் ஊரிலுள்ள பொதுமருத்துவர்கள், மகப்பேற்று மருத்துவர்கள், பள்ளித் தலைமையாசிரியைகள் ஆகியோரை ஒவ்வொருவராகச் சந்தித்து, தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று சொல்லிவிட்டு வந்தார். இதில் இரண்டாவதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. குரல் கேட்கிறது என்பவரையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றியவரையும் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார்; மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அனுப்பப்பட்டவர்களில் தேறியவர்களை அதே மருத்துவர் பின்னர் இவரிடம் திருப்பி அனுப்புகிறார். 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை விளம்பரமாக்கிய தொழில் உலகத்தில் வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அறை மாடியில் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: கீழே தையற்கடை. படியேறும் பெண் ரவிக்கை தைக்கப் போகிறாளா, மனம் திறக்கப் போகிறாளா என்று தெருவுக்குத் தெரியாது. இத்தகைய நுட்பம் எந்த வணிகப் பாடநூலில் இருக்கிறதோ நாம் அறியோம்.

அறை நிரம்பிய பின் வேறொரு சோதனை வரும். புதிதாகப் படித்து வந்த இரண்டு மூன்று பிள்ளைகளை அமர்த்தி, வருவோர் தரும் கட்டணத்தில் பெரும்பங்கைத் தாம் எடுத்துக்கொண்டு, பலகையில் 'நிலையம்' என்று எழுதிக்கொள்ளும் ஆசை. கிளை திறப்பதைத் தவறென்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் அமர்ந்து கேட்டு, திருத்தி, அவர்கள் செய்யும் பிழைக்குத் தாம் பொறுப்பேற்பவர் நிலையம் நடத்தட்டும். வாடகைக்கு நாற்காலி விடுபவர் வேறு தொழில் பார்ப்பதே நன்று.

இலவசத்தை அரசு தரட்டும் என்பாரும் உண்டு. தரத்தான் செய்கிறது, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நள்ளிரவில் தவிப்போருக்கு அது பெரும் துணை. வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண். ஆயினும் வாரந்தோறும் அதே முகத்தின் முன் அமர்ந்து, சென்ற வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு அது ஈடாகாது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்று காட்டியது. காப்பீட்டில் உடல்நோய்க்குச் சமமாக மனநோயும் இடம் பெற வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பெரும்பாலான காப்பீடுகளோ மருத்துவமனையில் படுத்தவருக்கே பணம் தருகின்றன. நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்து பேசுபவருக்கு மடியிலுள்ள காசுதான் காப்பீடு.

அந்த மடியும் காலியாக இருப்பவருக்கு என்ன வழி? இக்கேள்வியோடு பெரியவரிடமே திரும்புகிறோம். கட்டணத்துக்கு வாதாடிய அதே ஃபிராய்டு 1918-இல் புடாபெஸ்ட் மாநாட்டில் பேசும்போது, ஏழைக்கு அறுவைச் சிகிச்சை கிடைப்பதைப் போலவே மனத்துக்கான சிகிச்சையும் கிடைக்கும் நாள் வரும் என்றார். அந்த இலவச நிலையங்களை ஒருநாள் அரசே ஏற்கும், அதற்கு முன் கொடையாளர்கள் தொடங்கக் கூடும் என்றும் சொன்னார். இரண்டே ஆண்டில், 1920-இல், பெர்லினில் அத்தகைய நிலையம் திறக்கப்பட்டது. 1922-இல் வியன்னாவிலும் ஒன்று எழுந்தது. பெர்லின் நிலையத்தின் செலவைத் தாங்கியவர் மாக்ஸ் ஐட்டிங்கன் என்ற மருத்துவர். அவர் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது? மென்மயிர்த் தோல் வணிகத்திலிருந்து.

தோல் வணிகம் என்றதும் நமக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பியவர்கள் யார்? 1951-இல் திருச்சியில் எழுந்த ஜமால் முகமது கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? கல்விக்குச் சம்பளமா என்று கேட்டு, ஆசிரியர்களை இனாமாகப் பாடம் நடத்தச் சொல்லி அந்தக் கல்லூரிகள் வளரவில்லை. கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் வணிகர்கள் பணம் கொடுத்தார்கள்; ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். தருமம் என்பது பொருள் உடையவர் கையிலிருந்து போக வேண்டியது. நம் பெரியவரோ அதை 27,000 ரூபாயில் குடித்தனம் நடத்தும் ஒரு பெண்ணின் கையிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்!

அவர் மூன்று கடைகளின் உடைமையாளர் என்று முன்பே சொன்னோம். ஓராண்டு அறை வாடகை 1,44,000 ரூபாயை அவர் ஏற்றுக்கொள்ளட்டும். அமர்வுக்கு 800 வீதம் அது 180 அமர்வுகளுக்குச் சமம். ஒருவருக்கு 12 அமர்வு என்று வைத்தால், காசில்லாத 15 பேர் ஓராண்டில் சிகிச்சை பெறலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: யார் அந்தப் பதினைந்து பேர் என்று அவர் கேட்கக் கூடாது. பெயர்ப் பட்டியலோ புகைப்படமோ பொன்னாடையோ கிடையாது. அவர்களில் ஒருவர் அவர் கடையிலேயே துணி மடிப்பவராக இருக்கலாம்; அவர் வீட்டு மருமகளாகவும் இருக்கலாம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, சென்ற ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் பெரியவரிடமே கொடுத்தோம். நின்றபடி படித்தார்; கூட்டல் சரிதானா என்று விரல் விட்டுப் பார்த்தார்; பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையே கட்டட உடைமையாளர் வாடகையை 13,500 ஆக்கிவிட்டார். அடுத்த மாதம் முதல் ஓர் அமர்வுக்கு 900 ரூபாய் என்று எழுதி அப்பெண் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்.